நெஞ்சு மாத்திரை

என் மேசை இழுப்பறையில் நான்கு அலுமினியத் துண்டுகள் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. கத்தரிக்கோல் கோணிக்கொண்டு போன விளிம்புகள், நடுவில் மாத்திரை இருந்த குழி, பின்பக்கம் பாதியில் வெட்டுப்பட்ட ஆங்கில எழுத்துகள். தூக்கிப் போடலாம் என்று இரண்டு மூன்று முறை கையில் எடுத்திருக்கிறேன், மனசு வரவில்லை. போன வருடம் அம்மா எங்கள் வீட்டு நடைபாதையில், துளசித் தொட்டிக்குப் பக்கத்தில், கண் இருட்டி உட்கார்ந்துவிட்டாரே, அதற்கான காரணம் அந்த நான்கு துண்டுகளில் எழுதியிருந்தது. மூன்று வாரமாக அதைப் படிக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அம்மாவுக்கு 71 வயது. பொங்கல் முடிந்து மன்னார்குடியிலிருந்து வந்தார், சித்திரை வரை ஈசூனில் எங்களோடு இருப்பதாக ஏற்பாடு. சொந்த உபயோகத்துக்கு மூன்று மாதத்துக்கான மருந்து வரை சிங்கப்பூருக்குக் கொண்டுவரலாம் என்று முன்கூட்டியே போனில் சொல்லியிருந்தேன். அவர் கொண்டுவந்தது ஒரு மாதத்துக்கும் குறைவு. மொத்தமாக வாங்கும் பழக்கமே அவருக்குக் கிடையாது. அப்பா இருந்த காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் மாத்திரை என்பது பத்து நாள் சமாச்சாரம். மெடிக்கல் ஷாப்பில் பழைய காலி அட்டையைக் காட்ட வேண்டியது, "பத்து நாளைக்குக் குடுங்க தம்பி" என்று சொல்ல வேண்டியது, அவர் பதினைந்து மாத்திரை அட்டையில் பத்தை மட்டும் வெட்டிக் காகிதக் கவரில் போட்டுக் கொடுப்பார். சட்டப்படி மருத்துவர் சீட்டு வேண்டிய மருந்துகள்தான் எல்லாம். ஆனால் நடைமுறையில் அந்தக் காலி அட்டையே சீட்டு.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அதை இன்னும் சின்னதாக வெட்டுவார். ஒரு குழிக்கு ஒரு துண்டு. தினமும் ராத்திரி ஒரு துண்டை எடுத்து சாமி படத்துக்குக் கீழே வைத்துவிடுவார். காலையில் அந்த இடம் காலியாக இருந்தால் சாப்பிட்டாயிற்று என்று அர்த்தம். சாப்பிட்டோமா இல்லையா என்ற குழப்பமே வராது. எழுபதைத் தாண்டிய ஒருவர் யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானே கண்டுபிடித்த முறை இது. இதைக் குறை சொல்ல எனக்கு இப்போதும் வாய் வராது.

பிப்ரவரி நடுவில் மாத்திரை தீரப்போகிறது என்று தெரிந்ததும், என்னிடம் சொல்லாமல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிட ஆரம்பித்திருக்கிறார். அந்தச் சமயம் பார்த்து சளி, தலைவலி. அக்கம்பக்கத்து மருந்தகத்துக்கு (இங்கே கிளினிக்குக்கு அதுதான் பெயர்) கூட்டிப்போனேன். மருத்துவர் இரத்த அழுத்தம் பார்த்தார், 168க்கு 94. "வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார்?" என்று கேட்டார். அம்மாவிடம் கேட்டேன். "சுகர் மாத்திரை ஒண்ணு, நெஞ்சு மாத்திரை ஒண்ணு" என்றார். சுகர் மாத்திரை மெட்ஃபார்மின் என்று எனக்குத் தெரியும். நெஞ்சு மாத்திரை? அம்மா சுருக்குப்பையிலிருந்து ஒரு காலித் துண்டை எடுத்து நீட்டினார். அதில் இருந்தது இவ்வளவுதான்: மருத்துவர் ஆலோசனைப்படி உட்கொள்ளவும், 30 டிகிரிக்குக் கீழ் வெளிச்சம் படாத இடத்தில் வைக்கவும். மருத்துவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அடுத்த முறை முழு அட்டையைக் கொண்டுவாருங்கள் என்று சொல்லி, பிரஷருக்கு அம்லோடிபின் 5 மில்லிகிராம் எழுதினார்.

இங்கே பழக்கப்பட்டவர்களுக்கு மீதி தெரியும். பத்து நிமிடத்தில் முகப்பில் இருந்த பெண் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சின்னச் சின்ன ஜிப் பிளாஸ்டிக் பைகள், ஒவ்வொன்றிலும் வெள்ளை லேபிள். அம்மாவின் பெயர், தேதி, மருந்தின் பெயர், அளவு, தினமும் ஒன்று, காலையில். உள்ளே சரியாக எண்ணி வெட்டிப் போட்ட முப்பது மாத்திரை. வீட்டுக்கு வந்து ஒரு கறுப்பு மார்க்கர் எடுத்து, அந்தப் பையின் மேல் பெரிய எழுத்தில் தமிழில் எழுதினேன்: "பிரஷர் – காலை". நல்ல காரியம் செய்ததாகத்தான் அன்றைக்கு நினைத்தேன்.

அடுத்த வாரம் சின்னம்மா மகன் திருச்சியிலிருந்து வந்தான். அம்மா போனில் சொல்லி வைத்திருந்ததால் இரண்டு அட்டை நெஞ்சு மாத்திரையும் கூடவே வந்தது. வந்த அன்று சாயங்காலமே தரையில் பேப்பரை விரித்து உட்கார்ந்து, டிவி பார்த்துக்கொண்டே முப்பதையும் வெட்டி நீல நிற டேனிஷ் பிஸ்கட் டின்னில் போட்டுவிட்டார். மறுநாளிலிருந்து காலையில் பிரஷருக்கு ஒன்று, நெஞ்சுக்கு ஒன்று.

முதலில் கால் வீங்கியது. செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாக நின்றது. கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்து, மேலேறி வர வெகுநேரம் ஆனது. நார்த்தங்காய் ஊறுகாயைக் குறைக்கச் சொன்னேன். ரொம்ப நேரம் நின்று சமைப்பதால்தான் என்றேன். தலையணையைக் காலுக்கு முட்டுக் கொடுத்தேன். மூன்றாவது வாரம் ஒரு காலையில் துளசிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு நிமிர்ந்தவர் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். வீட்டு மெஷினில் பார்த்தால் 96க்கு 56.

துண்டுகளைச் சேர்த்தபோது

அன்று ஞாயிற்றுக்கிழமை, மருந்தகம் மூடியிருந்தது. அம்மா காப்பி குடித்துச் சுதாரித்துவிட்டார், ஆஸ்பத்திரி வேண்டாம் என்று ஒரே பிடிவாதம். அவரை என் கணவரிடம் விட்டுவிட்டு, கடைத்தொகுதிக்குள் இருக்கும் மருந்துக்கடைக்கு டின்னையும் பிளாஸ்டிக் பைகளையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கே இருந்த மருந்தாளர் சின்னப் பெண், சீனர், இருபத்தேழு இருபத்தெட்டு வயது இருக்கும். நான் படபடவென்று சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "எல்லாவற்றையும் இதில் கொட்டுங்கள்" என்று ஒரு தட்டை நகர்த்தினார்.

கொட்டினேன். சில துண்டுகளில் மாத்திரை இருந்தது, சில காலி. காலியையும் அம்மா தூக்கிப் போடமாட்டார், ஊரில் காட்ட வேண்டுமே. அந்தப் பெண் துண்டுகளைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டு, விளிம்புகளைப் பார்த்துப் பார்த்து ஒன்றோடு ஒன்று பொருத்த ஆரம்பித்தார். குழந்தைகள் படத்துண்டு சேர்ப்பார்களே, அதே மாதிரி. ஒரு துண்டில் வளைந்து போன வெட்டு இன்னொன்றின் வளைவில் போய் உட்கார்ந்தது. பின்னால் வரிசையில் இரண்டு பேர் நின்றார்கள், அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நாலு துண்டு சேர்ந்ததும் பொடி எழுத்தில் ஒரு வரி முழுசாக வந்தது: டெல்மிசார்ட்டன் 40 மில்லிகிராம், அம்லோடிபின் 5 மில்லிகிராம்.

அவர் பேசவில்லை. பேனாவை எடுத்து அந்த வரியில் ஒரு சொல்லைச் சுட்டினார். அப்புறம் நான் மார்க்கரில் "பிரஷர்" என்று எழுதியிருந்த பையை எடுத்து, என் எழுத்துக்குக் கீழே லேபிளில் அச்சாகியிருந்த அதே சொல்லுக்கு அடிக்கோடு போட்டார். அம்லோடிபின், அம்லோடிபின். நெஞ்சு மாத்திரை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்ததும் பிரஷர் மாத்திரைதான். அதற்குள்ளேயே இரண்டு பிரஷர் மருந்துகள், அதில் ஒன்றை இங்கே மறுபடியும் தனியாக வாங்கியிருக்கிறோம். அம்லோடிபின் அளவு கூடினால் கால் வீங்குவது எல்லாருக்கும் தெரிந்த பக்கவிளைவு என்றார். நாளைக் காலை எதையும் கொடுப்பதற்கு முன்னால் மருத்துவரைப் பாருங்கள், இடையில் மறுபடி மயங்கினால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்லி, ஒரு காகிதத்தில் இரண்டு மருந்தையும் எழுதிக் கொடுத்தார். இதற்காக என்னிடம் ஒரு காசு வாங்கவில்லை.

மருத்துவர் தனி மாத்திரையை நிறுத்தினார். பத்துப் பன்னிரண்டு நாளில் வீக்கம் வடிந்தது.

எனக்குத்தான் வடியவில்லை. இதில் யார் தப்பு செய்தார்கள் என்று எத்தனையோ ராத்திரி யோசித்துப் பார்த்துவிட்டேன். மன்னார்குடிக் கடைக்காரர் சரியான மாத்திரையைத்தான் கொடுத்தார். இங்கே மருத்துவர் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார், லேபிளில் எல்லாம் தெளிவாக இருந்தது. ஊரிலிருந்து அட்டை வந்த பிறகு அம்மா ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. ஆனாலும் ஒரே மருந்து இரண்டு வழியாக அம்மாவின் உடம்புக்குள் போனது. ஊரில் பெயர் அட்டையில் இருந்தது, எப்படிச் சாப்பிடுவது என்பது வாய்வார்த்தையில் இருந்தது. அட்டையை வெட்டியதும் பெயர் போய்விட்டது. இங்கே இரண்டுமே லேபிளில் இருந்தன, ஆனால் அம்மாவால் படிக்க முடியாத மொழியில். நான் மொழிபெயர்க்கிறேன் என்று பெயரை விட்டுவிட்டு நோயை எழுதினேன்.

மருந்தகம் என்ற சொல்

ஊரில் முதல்வர் மருந்தகம், அம்மா மருந்தகம் என்றால் மருந்து விற்கும் கடை. சிங்கப்பூரில் பலதுறை மருந்தகம் என்றால் மருத்துவரைப் பார்க்கிற இடம். வந்த புதிதில் இந்தச் சொல் என்னைக் குழப்பியிருக்கிறது. இப்போது யோசித்தால் பொருத்தமாகத்தான் இருக்கிறது. இங்கே அக்கம்பக்கத்து மருத்துவர் பார்த்து எழுதுகிற மருந்தை அநேகமாக அதே கதவுக்குள்ளேயே எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். சீட்டோடு இன்னொரு கடைக்கு நடக்கிற வேலை பெரும்பாலும் இல்லை. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் எழுதுகிறவரும் கொடுக்கிறவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்போது, "இது எதற்கு, ஏற்கெனவே என்ன சாப்பிடுகிறீர்கள்" என்று இரண்டாவதாக ஒருவர் கேட்கிற வாய்ப்பு குறைகிறது. எங்களுக்கு அந்த இரண்டாவது ஆள் தற்செயலாக ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தார்.

அட்டையை வெட்டுவதே தப்பு என்று சொல்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். கூலி வேலைக்குப் போகிறவர் இரண்டு நாள் மாத்திரை மட்டும் வாங்க முடிவது பெரிய விஷயம். முழு அட்டைதான் தருவேன் என்றால் அவர் மருந்தே இல்லாமல் போய்விடுவார். நான் கேட்பது வேறு. வெட்டத்தான் போகிறார்கள் என்று தெரிந்தும், ஏன் ஒவ்வொரு குழியின் முதுகிலும் மருந்தின் பெயரை அச்சடிக்கக் கூடாது? இந்தியாவில் அதிகம் விற்கும் 300 பிராண்டுகளுக்கு 2023 ஆகஸ்ட் முதல் கியூஆர் குறியீடு கட்டாயம். நல்லதுதான். அம்மாவின் கத்தரிக்கோலுக்கு அந்தக் கட்டமும் தப்பாது.

நியூ ஜெர்சியில் இருக்கும் அக்காவிடம் இதைச் சொன்னபோது, அவள் தன் மாமியாரின் மருந்துகளை வீடியோ காலில் காட்டினாள். எல்லாம் தேன் நிறப் பிளாஸ்டிக் குப்பிகள். வெளிச்சத்தில் கெடும் மருந்துகளைக் காப்பதற்கு அந்த நிறம். குழந்தைகள் திறக்க முடியாதபடி மூடி இருக்க வேண்டும் என்று 1970இல் சட்டம் வந்தது, அதனால் அழுத்தித் திருகினால்தான் திறக்கும். மூட்டுவலி உள்ள மாமியாருக்கு அதைத் திறக்க வரவில்லை. கேட்டால் சாதாரண மூடி போட்டுக் கொடுப்பார்களாம், கேட்கலாம் என்பது இரண்டு வருடம் கழித்துத்தான் அக்காவுக்குத் தெரிந்தது. அங்கே மாத்திரைக்குப் பெரும்பாலும் அட்டை கிடையாது, பெரிய டப்பாவிலிருந்து எண்ணிக் குப்பியில் போடுகிறார்கள். அப்படியானால் குப்பியை விட்டு வெளியே வந்த மாத்திரை அனாதைதானே என்று கேட்டேன். அக்கா ஒன்றை உள்ளங்கையில் வைத்துக் காமராவுக்குக் கிட்டே கொண்டுவந்தாள். மாத்திரையின் மேலேயே எழுத்தும் எண்ணும் பொறித்திருந்தது. 1990களின் நடுவிலிருந்து அங்கே மாத்திரை, கேப்ஸ்யூல்களில் இந்தக் குறி இருக்க வேண்டும் என்பது விதி. அந்தக் குறியை வைத்து என்ன மருந்து, யார் தயாரிப்பு என்று கண்டுபிடித்துவிடலாம். எனக்குச் சட்டென்று கண் கலங்கிவிட்டது. மாத்திரை தன் பெயரைத் தன் உடம்பிலேயே சுமக்க முடியும் என்று அதுவரை யோசித்ததே இல்லை.

அந்தத் தேன் நிறக் குப்பியிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. டெபோரா ஆட்லர் என்ற வடிவமைப்பு மாணவியின் பாட்டி தவறிப்போய்த் தாத்தாவின் மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டார். பாட்டி ஹெலன், தாத்தா ஹெர்மன், இரண்டு குப்பிகளும் ஒரே அச்சு. அதிலிருந்து அவர் குப்பியையே மாற்றி வரைந்தார். படிக்க வசதியாகத் தட்டையான முகம், மருந்தின் பெயர் எல்லாவற்றுக்கும் மேலே பெரிதாக, வீட்டில் ஆளுக்கொரு நிறத்தில் வளையம். அமெரிக்காவின் டார்கெட் கடைகள் 2005இல் அதைக் கொண்டுவந்தன. 2015இல் அந்தக் கடைகளின் மருந்துப் பிரிவு சிவிஎஸ் என்ற மருந்துக்கடை நிறுவனத்தின் கைக்குப் போனதும் அந்தச் சிவப்புக் குப்பிகள் நின்றுபோயின. ஒரு பாட்டிக்கு நேர்ந்ததை ஒரு பேத்தி இவ்வளவு தூரம் கொண்டுபோக முடிந்தது, ஒரு வியாபாரக் கைமாற்றத்தில் அது போயும் போனது. இதைப் படித்த அன்று எனக்குக் கோபம்தான் வந்தது.

ஒசாகாவில் ஆறு வருடம் இருந்த அலுவலகத் தோழி வேறொன்று சொன்னாள். ஜப்பானில் வயதானவர்களுக்கு ஒரு வேளைக்கு உரிய எல்லா மாத்திரைகளையும் ஒரே மெல்லிய பொட்டலத்தில் போட்டு, பெயர், நாள், காலையா இரவா என்று அச்சடித்துத் தருவார்களாம். கிழித்து வாயில் போட வேண்டியதுதான் பாக்கி. அம்மாவின் சாமி படத்து முறையை மருந்துக்கடையே செய்து கொடுப்பது போல இருந்தது எனக்கு. ஆனால் பொட்டலத்துக்குள் எது என்ன மருந்து என்று எப்படித் தெரியும்? அதற்கு ஒரு மருந்துக் குறிப்பேடு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறை மருந்து வாங்கும்போதும் அதன் விவரம் அதில் ஒட்டப்படும், எந்த மருத்துவரிடம் போனாலும் அதை நீட்ட வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் மருந்துப் பெட்டியின் மேல் பிரெய்ல் புள்ளிகளில் பெயர் இருக்க வேண்டும் என்று சட்டம், கண் தெரியாதவர் விரலால் தடவிப் படித்துக்கொள்ளலாம். இதையெல்லாம் கேட்கக் கேட்க என் மனசு அந்த மார்க்கருக்கே போய்க்கொண்டிருந்தது.

குடும்பப் பெயர்

மருந்துக்கு என்று உலகம் முழுதும் செல்லும் ஒரு சொந்தப் பெயர் உண்டு. கம்பெனிகள் வைக்கிற பெயர் ஊருக்கு ஊர் மாறும், இது மாறக்கூடாது என்பதற்காகவே உலகச் சுகாதார நிறுவனம் 1953இலிருந்து பட்டியல் போட்டு வருகிறது. இங்கே பெனடால், ஊரில் டோலோ, உள்ளே இருப்பது பாராசிட்டமால். (அமெரிக்கா, கனடா, ஜப்பான் போன்ற சில நாடுகளில் மட்டும் அதையும் அசிட்டமினோஃபென் என்பார்கள்.) அந்தப் பெயர்களின் வால் குடும்பத்தைச் சொல்லும். டிபின் என்று முடிந்தால் ஒரு வகைப் பிரஷர் மருந்து, சார்ட்டன் என்று முடிந்தால் இன்னொரு வகை, வாஸ்டாட்டின் என்றால் கொழுப்புக்கு. இதைத் தெரிந்துகொள்ள மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. கல்யாண வீட்டில் ஒருவர் பெயரைக் கேட்டதும் எந்த ஊர், யார் வகையறா என்று அம்மா கண்டுபிடிக்கிறாரே, அதைவிடச் சுலபம்.

நாம் மாத்திரையை நிறத்தாலும் நோயாலும் கூப்பிட்டே பழகிவிட்டோம். மஞ்சள் மாத்திரை, சுகர் மாத்திரை, ராத்திரி மாத்திரை. தயாரிக்கும் கம்பெனி மாறினால் மஞ்சள் வெள்ளையாகிவிடும். ஒரு நோய்க்கு நாலு மருந்து இருக்கும், ஒரு மருந்தை நாலு நோய்க்குக் கொடுப்பார்கள். ஊர் மருத்துவர் என்றைக்கோ "இது நெஞ்சுக்கும் நல்லதும்மா" என்று சொன்ன ஒரு சொல்லில்தான் எங்கள் வீட்டு நெஞ்சு மாத்திரை பிறந்தது.

அக்காவுக்கு இதில் உடன்பாடில்லை. "71 வயசுல அம்மாவப் போய் இதெல்லாம் மனப்பாடம் பண்ணச் சொல்றியா? நீ கவனமா இருந்தாப் போதாதா?" என்று கேட்டாள். நான் கவனமாகத்தான் இருந்தேன், அதுதான் எனக்குப் பயம். மருந்து போகிற உடம்பு அம்மாவுடையது. அந்தப் பெயரைத் தெரிந்துகொள்ளும் உரிமையை அவருக்குச் சிரமமாயிருக்கும் என்ற பெயரில் நான் பறித்திருக்கிறேன்.

பழைய மார்க்கர் பையைக் கிழித்துவிட்டு, ஒரு சின்ன நோட்டு வாங்கி, தமிழில் எழுதினேன். மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எதற்கு, எப்போது. அம்மா அதை ராமஜெயம் எழுதுகிற நிதானத்தோடு கீழே ஒருமுறை தன் கையெழுத்தில் எழுதிப் பார்த்தார். டெல்மிசார்ட்டன் சீக்கிரம் வந்துவிட்டது. அம்லோடிபின் ஒரு வாரம் "அமுலோபின்" ஆகவே இருந்தது. ஏழு நாள் மாத்திரைப் பெட்டி ஒன்றும் வாங்கினேன். அதற்கு அந்த மருந்தாளர் பெண்ணிடமே போய் எந்த மாத்திரையைப் பிரித்துப் போடலாம் என்று கேட்டுக்கொண்டேன். எல்லாவற்றையும் பிரித்துவிடக் கூடாது, வலிப்புக்குக் கொடுக்கிற வால்புரோயேட், இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற டாபிகாட்ரன் போன்றவை ஈரக்காற்று பட்டால் கெட்டுவிடும், சாப்பிடும் வரை அதனதன் உறையிலேயே இருக்க வேண்டும் என்றார். இந்த ஊர்க் காற்றுக்கு அது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம். அம்மா கடைசியில் அந்தப் பெட்டியைத் தொடவே இல்லை. சாமி படத்துக்குக் கீழேதான் வைக்கிறார், ஆனால் இப்போது முழு அட்டையாக, தேதியைப் பேனாவால் ஒவ்வொரு குழியிலும் எழுதி.

சித்திரையில் ஊருக்குத் திரும்பினார். போன மாதம் ஒரு சாயங்காலம் மெடிக்கல் ஷாப் வாசலிலிருந்தே எனக்கு வீடியோ காலில் வந்தார். வழக்கமான கம்பெனி மாத்திரை ஸ்டாக் இல்லை, அதே மாதிரி வேறு கம்பெனியுடையது தருகிறேன் என்று கடைத் தம்பி சொல்லியிருக்கிறான். போன் திரை முழுக்க மேலே சுற்றுகிற மின்விசிறிதான் தெரிந்தது, பேச்சு மட்டும் கேட்டது.

"பின்னால பொடி எழுத்துல இருக்கும் பாரு தம்பி, அதப் படி."

"டெல்மிசார்ட்டன் நாப்பதும்மா."

"அப்புறம்?"

"அம்லோடிபின் அஞ்சு."

"வேற எதும் கலந்திருக்கா?"

"இல்லம்மா, இந்த ரெண்டுதான். பத்து வெட்டித் தரட்டுமா?"

"வெட்டாத. அட்டையாவே குடு."